தாழ்ப்பாள் போடாத பூட்டக்கா

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கழிவறைக் கதவைத் திறந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்ப்பார்கள். எங்கள் மாடியில் என் பக்கத்துப் போர்ஷனைப் பார்க்க வந்த அந்த அக்கா இது எதையும் பார்க்கவில்லை. வாசல் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவில் பூட்டு பதித்திருந்த இடத்தை அளவு நாடாவால் அளந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பழைய பூட்டை எடுத்துக் கதவோடு வைத்து ஒப்பிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. "இந்த வீடே போதும் சார். எப்ப வரலாம்?" என்று ஓனரிடம் கேட்டாள். உள்ளே எத்தனை அறை என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் துணி காயப்போடுகிற சாக்கில் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். "பொண்ணு பாக்க வந்துட்டு வாசப்படிய மட்டும் பாத்துட்டுப் போற மாதிரி இருக்கே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எனக்கு வாய் அப்படி. மனசில் பட்டால் அடுத்த நொடி வெளியே வந்துவிடும். என் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "அங்க ஒரு இன்ஜின், வீட்டுக்கு வந்தா இன்னொரு இன்ஜின்" என்பார். வாரத்துக்கு அவர் பேசுகிற பேச்சே அவ்வளவுதான். அதுவும் என்னைப் பற்றித்தான்.

குடிவந்த அன்று அக்கா அடுப்பைக்கூட இறக்கவில்லை. முதலில் திருப்புளியை எடுத்தாள். வீட்டு ஓனரின் பூட்டைக் கழற்றி, அதன் திருகாணிகளைச் சின்னப் பையில் போட்டு முடிந்து, எல்லாவற்றையும் ஒரு பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். தன் பூட்டைப் பொருத்தினாள். பழைய ஓட்டைகளிலேயே திருகாணி இறங்கியது. புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. "காலி பண்ணும்போது இவரு பூட்ட இவருக்கே மாட்டிக் குடுத்துட்டுப் போயிடுவேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான்" என்றாள். அன்றைக்கு நான் வைத்த பேர்தான் பூட்டக்கா. தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஓட்டை போடாததுக்குக் காரணம் உண்டு. எங்கள் ஓனர் கீழே முன்பக்கத்து வீட்டில் இருக்கிறார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் சுவரில் ஆணி இறங்கினால் அவர் நெஞ்சில் இறங்கினதாக அர்த்தம். காலண்டர் மாட்ட ஆணி கூடாது, கண்ணாடி மாட்ட ஆணி கூடாது, கொசுவலை கட்ட ஆணி கூடாது. அதனால் அவருக்கு எங்களுக்குள் ஆணி என்றே பேர். மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்து மேலே வந்து சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி இருக்கும்.

வேலையிலும் நாங்கள் ஜோடிதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் துணி வெளுக்கிற பகுதி. அக்கா அங்கே என்னைவிட முந்தி சேர்ந்தவள்; குடிவந்த பிறகு அவள்தான் என்னையும் அங்கே சேர்த்துவிட்டாள். விடியுமுன் போனால் மதியம் திரும்புவோம். அங்கே சூரியன் கிடையாது, நீராவியும் மருந்து நெடியும்தான் உண்டு. பெரிய உருளைகள் சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவது கேட்காது. மடிக்கிற மேஜைப் பக்கம் வந்தால்தான் காது திறக்கும். படுக்கை விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது. ஆளுக்கு ரெண்டு முனை பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, என் முனையை அவள் கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் முகத்துக்கு முகம் வந்துவிடுவோம். எங்கள் கதை எல்லாம் அந்த நேரத்தில்தான். தூரப் போகும்போது ஒரு பாதி, கிட்ட வரும்போது மறு பாதி.

அவளுக்குக் கல்யாணம் இல்லை. அப்பா அம்மா இல்லை. ஒரே ஒரு தங்கச்சி உண்டு, வெளியூரில் இருக்கிறாள் என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒருநாள் அவள் அடுப்படி அலமாரியில் சிவப்பு நகப்பூச்சு பாட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். வெளுப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் நகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். அதில் ஒருநாளும் நான் பூச்சு பார்த்ததில்லை. விடுவேனா?

"என்னக்கா, கமுக்கமா இருந்துக்கிட்டு! யாருக்கு இந்தச் சிவப்பு?"

"கதவுக்குடி" என்றாள்.

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் பார்த்தால், பூட்டின் சாவித் துவாரத்துக்கு வலப்பக்கத்தில் நிஜமாகவே ஒரு சிவப்புப் புள்ளி. பழைய புள்ளியின் மேல் திரும்பத் திரும்ப வைத்துத் தடித்துப் போயிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "சாவிய எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்கு மறந்துடும்" என்றாள். வேலையில் ஒரு தையல் பிரிந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவளுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று மறக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த நிலையில்தான் கீழே தையல்காரர் வீட்டில் திருடன் புகுந்தான். பட்டப்பகல். தையல்காரரும் அவர் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். கதவை நெம்பித் திறந்து, தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, தைத்து வைத்த துணி என்று வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். "கை தைக்காத சட்டையக்கூட விடலையே! அத வெச்சு அவன் என்ன பண்ணுவான்?" என்று தையல்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. ஆனால் மேலே ஓடி வந்து என் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். என் வீட்டில் திருட என்ன இருக்கிறது? இருந்தாலும் கதவு கதவுதானே.

அப்போதுதான் பூட்டக்கா யார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "வாடகை வீடுன்னா காவல் இருக்கக் கூடாதா? ஆணி அடிக்காம ஆயிரம் வழி இருக்கு" என்று கிளம்பிவிட்டாள். என் புருஷன் டிப்போவிலிருந்து கொண்டுவந்த பழைய டயரை வெட்டி ஆப்பு செய்தாள். உள்பக்கம் கதவுக்கு அடியில் செருகினால் வெளியிலிருந்து யானை தள்ளினாலும் நகராது. இழுத்துத் திறக்கிற ஜன்னலின் தடத்தில் விளக்குமாற்றுக் கட்டையை அளவாக நறுக்கிப் போட்டாள். காலி டப்பாக்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினாள். எவன் கை வைத்தாலும் மொத்தமும் உருண்டு ஊரைக் கூட்டும். படிக்கட்டுத் திருப்பத்தில் எப்போதோ பியூஸ் போன பல்புக்காக ஆணியிடம் நேராகப் போய் நின்றாள். "ஹோல்டர் இருக்கு சார், பல்புதான் போயிருக்கு. ஆணி அடிக்க வேண்டியதே இல்ல" என்றதும் அவரே ஏணி பிடித்தார். வீட்டில் ஆள் இல்லாதபோது ரேடியோவைப் பேசவிட்டுப் போகச் சொன்னாள். "எனக்கு ரேடியோ வேணாம்மா. இவள விட்டுட்டுப் போனாலே போதும்" என்றார் என் புருஷன். அந்த வாரத்துப் பேச்சு அது.

என் சாவி பூத்தொட்டிக்கு அடியில் இருப்பதைப் பார்த்து எனக்கு விழுந்தது திட்டு. "திருடன் முதல்ல கையவிட்டுப் பாக்குற எடமே அதுதான்டி. அறிவு கெட்டவளே, இதுக்கு நீ கதவத் திறந்தே போட்டுட்டுப் போகலாம்!" என்றாள். எனக்கு ரோஷமாக இருந்தது. இருந்தாலும் எடுத்துவிட்டேன்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. தையல்காரர் ஒரு யோசனை சொன்னார். "வாசல்ல எச்சா ஒரு ஜோடி செருப்பு போட்டு வெச்சா, வீட்ல ஆள் இருக்குன்னு திருடன் நெனச்சுக்குவான்ல?" எல்லாரும் நல்ல யோசனை என்றோம். பூட்டக்கா முகம் சட்டென்று இருண்டது. "அது மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த டயர் துண்டைக் கீழே வைத்து எழுந்து போய்விட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. ஊருக்கெல்லாம் ஆப்பு செய்து கொடுத்தவள் வீட்டில் ஆப்பு இல்லை. கதவின் உள்பக்கத்துத் தாழ்ப்பாளைத் துணிக் கிழிசலால் சுற்றி, அசையாதபடி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"என்னக்கா இது, தாழ்ப்பாளுக்குக் கட்டு போட்டு வெச்சிருக்க? அடிபட்டிருச்சா?"

"இந்தப் பூட்டுக்கு ரெண்டே சாவிதான்டி, ஒன்னு தங்கச்சிகிட்ட இருக்கு. அவ எப்ப வேணா வருவா. உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டா, வெளிய சாவி இருந்து என்ன பிரயோஜனம்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கினமாதிரி இருந்தது. தங்கச்சி கையில் சாவி இருக்கிறது. அதனால்தான் வீடு மாறினாலும் பூட்டை மாற்றுவதில்லை. அதனால்தான் பூட்டுக்கு ஏற்ற கதவாகத் தேடுகிறாள். என்ன பாசம் என்று நினைத்துக் கண் கலங்கினேன். எனக்கு எல்லாம் சீக்கிரம் வரும், கோபமும் அப்படித்தான், அழுகையும் அப்படித்தான்.

கொஞ்ச நாளில் ஆணி மேலே வந்தார். கூடவே ஒரு தச்சர், அவர் கையில் ஒரு பெட்டி நிறையப் புதுப் பூட்டு. திருட்டு நடந்ததிலிருந்து மனுஷருக்கும் தூக்கம் இல்லை போலிருக்கிறது. எல்லா வீட்டுக்கும் நல்ல கனமான பூட்டு, அவர் செலவிலேயே. அவர் வாழ்க்கையில் செய்த முதல் தாராளம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் கதவுக்கு மாட்டி முடித்துப் பக்கத்துக் கதவுக்குப் போனபோது, பூட்டக்கா கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள்.

"சார், வேற என்ன வேணா மாத்துங்க. கதவையே மாத்துங்க. இந்தப் பூட்ட மட்டும் விட்ருங்க."

"என்னம்மா இது, உன் நல்லதுக்குத்தானே செய்யறேன்? இது பழசு. எவன் வேணா திறப்பான்."

"திறக்கட்டும் சார்."

ஓனர் திகைத்துவிட்டார். தச்சர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓனருக்குக் கோபம் ஏறியது. "வீடு என்னுது. நாளைக்கு உன் வீட்ல திருடு போனா எனக்குத்தான் கெட்ட பேரு. முடியாதுன்னா வேற எடம் பாத்துக்கோம்மா" என்றார்.

அதுவரைக்கும் சும்மா இருந்ததே அதிகம். நான் நடுவில் புகுந்தேன். "ஏன் சார், குழாய் ஒழுகுதுன்னு எத்தன மாசமாச் சொல்றேன், அதுக்கு ஒரு ஆளும் வரல, இதுக்கு மட்டும் வந்துட்டாங்களா? அக்கா உங்க சுவத்துல ஒரு கீறல் போட்டிருக்காங்களா? ஒரு ஆணி? தடவிப் பாருங்க! தங்கச்சிகிட்ட ஒரு சாவி இருக்கு சார். அந்தப் பொண்ணு திடீர்னு வந்து நின்னா, சாவி திரும்பலன்னா என்ன ஆகும்? நாளைக்கு உங்க மகளே வந்து உங்க வாசல்ல அப்படி நின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவர் மகள் கடல் தாண்டி இருக்கிறாள். அந்த வார்த்தை எங்கே போய்ப் பட்டதோ, மனுஷர் குரல் இறங்கிவிட்டது. "சரி சரி, கத்தாத. பூட்டு இருக்கட்டும். ஆனா ஒரு சாவி எங்கிட்ட இருக்கணும். தண்ணிக் குழாய் உடைஞ்சா, தீப் பிடிச்சா நான் எப்படித் திறக்கறது? நாளைக்குள்ள குடுக்கணும்" என்றார். அது நியாயம்தான். நான் ஜெயித்த பெருமையில் தச்சருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, வழியில் சாவி வெட்டுகிற கடைப் பக்கம் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வா, ஓனருக்கு ஒரு சாவி போட்டு வாங்கிடலாம்."

"வேணாம்டி. நேத்தே குடுத்துட்டேன்" என்றாள்.

சரி என்று வந்துவிட்டேன். மாடி ஏறி வந்து, அவள் கழுத்துக் கயிற்றில் தொங்குகிற சாவியை எடுத்துத் தன் கதவைத் திறந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி இரண்டுதான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒன்று ஓனர் கையில். ஒன்று இவள் கழுத்தில்.

"அக்கா, அப்ப தங்கச்சிகிட்ட இருக்கறது எந்தச் சாவி?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன், என்னிடமே பொய்யா? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மேஜைக்கு வந்ததும் உம்மென்று விரிப்பைப் பிடித்தேன். உதறினோம், நடந்தோம், முனையைக் கொடுத்தேன். அடுத்த விரிப்பை எடுத்து இரண்டு பேரும் பின்னுக்குப் போனபோது, அவள் அந்தக் கோடியில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

அம்மா போனபோது தங்கச்சி பாவாடை கட்டத் தெரியாத வயசு. வளர்த்து, படிக்க வைத்து, ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்த்தது எல்லாம் இவள்தான். இரண்டு பெண்கள் தனியாக வாடகை வீட்டில் இருந்தால் அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் பயம். அதனால்தான் தங்கச்சி முதல் சம்பளத்தில் புடவையோ தோடோ வாங்கித் தரவில்லை, பூட்டு வாங்கித் தந்தாள். "இனிமேலாவது நிம்மதியாத் தூங்குக்கா" என்றாளாம். அக்கா எப்போதும் சாவியைத் தப்பான பக்கம் திருப்புவாள் என்று தன் நகப்பூச்சை எடுத்து அவள்தான் அந்தப் புள்ளியை வைத்தாளாம். வாசலில் காவலுக்கு எப்போதும் ஒரு ஜோடி பழைய செருப்பு கிடக்கும். யாராவது ஒருத்தி வீட்டில் இருப்பதாக ஊர் நினைக்கட்டும் என்று.

"அவ கடையில இருந்து வர நேரமாகும். எனக்கு வேல விடியக்காலம். பொழுது சாஞ்சாலே படுத்துடுவேன். அன்னைக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போதே சண்ட. இனிமே நேரங்கழிச்சு வந்தேன்னா தாழ்ப்பாள் போட்டுடுவேன், வாசல்லயே நின்னுக்கோன்னு சொன்னேன். வாய் வார்த்தைதான்டி. போடுவேனா?"

விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. நான் இழுக்கவில்லை.

"அன்னைக்கு மழ. புதுச் செருப்பு நனையக் கூடாதுன்னு, காவலுக்குக் கிடந்த பழச மாட்டிக்கிட்டுப் போயிருக்கா. புதுச வாசல்ல விட்டுட்டுப் போயிருக்கா. நான் வேல முடிஞ்சு பொழுது சாயற வரைக்கும் எங்கெங்கயோ சுத்திட்டு வந்து பாக்குறேன், புதுச் செருப்பு வாசல்ல இருக்கு. சீக்கிரமே வந்துட்டா, கோவத்துல உள் ரூம்ல படுத்திருக்கான்னு நெனச்சேன். எழுப்புனா மறுபடி சண்ட வரும்னு பாக்கல. கடைசியா வர்றவ தாழ்ப்பாள் போடணும்ங்கறது எங்க வீட்டுப் பழக்கம். போட்டேன். அப்பல்லாம் எனக்குக் காதுல இந்த உருளைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்."

எனக்குப் புரிந்துவிட்டது.

"சாவி போட்டுத் திறந்திருக்கா. பூட்டு திறந்திருக்கு, கதவு திறக்கல. தட்டியிருக்கா. பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, ரொம்ப நேரம் தட்டுனாளாம். அக்கா, அக்கான்னு கூப்டாளாம். விடியக்காலம் வேலைக்குக் கிளம்பி நான் கதவத் திறந்தா புதுச் செருப்பு இல்ல. நனைஞ்ச பழசு கிடக்கு. அதுக்குள்ள சாவி."

நான் என் முனைகளைப் பிடித்தபடியே நடந்து போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். பழக்கம் அப்படி.

"கடையில போய்க் கேட்டேன். வேற ஊர்ல வேல கிடைச்சிருக்குன்னு ஒரு சிநேகிதியோட போயிட்டாளாம். எந்த ஊருன்னு அவங்களுக்கும் தெரியல. இந்த நாலு தெருவ விட்டு நான் வெளிய வீடு பாக்கவே இல்ல. ஒவ்வொரு வீடு மாறும்போதும் அக்கம்பக்கத்துல சொல்லிட்டுத்தான் வருவேன். என்னிக்காவது தேடிக்கிட்டு வந்தா வீடு புதுசா இருக்கும், கதவு புதுசா இருக்கும். அந்தப் புள்ளியப் பாத்தா தெரிஞ்சுக்குவால்ல?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, கோபம். "என்னக்கா பொண்ணு அவ? தாயா இருந்து வளத்த அக்கா! ஒரு வார்த்த நேர்ல வந்து கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டாளேடி. கதவத் தட்டித் தட்டிக் கேட்டா. நான்தான் பதில் சொல்லல."

சூப்பர்வைசர் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கையைத் தட்டினார். அடுத்த விரிப்பை எடுத்தோம். அவள் அதை உதறிவிட்டு, யாரிடமோ சொல்கிறமாதிரி சொன்னாள். "எனக்கு அவ வேணும்டி. கோவிச்சுக்கட்டும், திட்டட்டும், வாசல்ல நின்னு ஊர் கேக்கக் கத்தட்டும். வந்து நின்னா போதும்."

அன்று மாலை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. தங்கச்சி கையில் சாவி இல்லை. அப்படியானால் அவள் வந்தால் எப்படித் திறப்பாள்? எழுந்து போய் அக்காவின் கதவில் விரலை வைத்து லேசாகத் தள்ளினேன். திறந்துகொண்டது. பூட்டவே இல்லை.

உள்ளே அக்கா கதவைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு இல்லை. ஊருக்கெல்லாம் காவல் சொல்லிக் கொடுத்தவள், பூத்தொட்டிச் சாவிக்காக என்னை அந்தத் திட்டு திட்டியவள், திருடன் வந்து போன கட்டடத்தில் தினமும் இப்படித்தான் படுத்திருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு அவளை எழுப்பி நாலு அறை விடலாம்போல் இருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து, என் வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

பூட்டச் சொன்னால் கேட்க மாட்டாள். கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியே விடவும் முடியாதே. எங்கள் வேலை இடத்தில் துணி வண்டிகளில் ஒரு பித்தளை மணி இருக்கும். ஆஸ்பத்திரி நடையில் வண்டி வரும்போது ஆட்கள் விலக வேண்டும் என்பதற்காக. சக்கரம் உடைந்த வண்டி ஒன்று மூலையில் கிடந்தது. சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதன் மணியைக் கழற்றி வந்தேன். அக்காவின் வாசல் திரைக்கம்பியில் நூலால் கட்டி, கதவில் இடிக்கும்படி தொங்கவிட்டேன். கதவு ஒரு விரல் நகர்ந்தாலும் கணீரென்று கேட்கும். ஆணி இல்லை, ஓட்டை இல்லை. பாடம் அவளுடையதுதான்.

"எதுக்குடி இது?"

"பூட்ட வேணாம்க்கா. தாழ்ப்பாளும் வேணாம். ஆனா யாரு வந்தாலும் உனக்குக் கேக்கணும். திருடன் வந்தாலும் கேக்கும். அவ வந்தாலும் கேக்கும். இந்தத் தடவ கேக்காமப் போகக் கூடாது."

அவள் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, மணியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓனர் சத்தம் கேட்டு மேலே வந்து, கதவுச் சட்டம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆணி இல்லையே" என்று உறுதிப்படுத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மழையில் நனையும் அவள் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு, எப்போதும்போல் கதவைத் தள்ளினேன். கணீரென்றது. குளியலறையிலிருந்து சோப்பு நுரை வழிகிற கையோடு ஓடி வந்தாள். ஓடி வந்த வேகத்தில் கால் வழுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவ்வளவு சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அது அப்படியே நின்றது. பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "நீயா... வா, வா" என்றாள்.

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான் செய்த வேலை இது என்று என்னையே நொந்துகொண்டேன். மணியை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டேன். "தொட்டேன்னா கைய ஒடிச்சிடுவேன்" என்றாள்.

அன்றிலிருந்து கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே நான் குரல் கொடுத்துவிடுவேன். "அக்கா, நான்தான்!" அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே, "வா" என்பாள். மற்றவர்களுக்கும் சொல்லி வைத்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர், மீட்டர் பார்க்கிறவர், தையல்காரர், எல்லாரும் படியிலேயே "நான்தாம்மா" என்றுதான் ஏறுகிறார்கள். ஏன் என்று நான் யாருக்கும் விளக்கவில்லை. ஆணிகூட ஒருநாள் "நான்தான், ஓனர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் புருஷனும் சொல்கிறார். வாரத்துக்கு ஒரு வாக்கியம் கூடியிருக்கிறது. இப்போது எங்கள் மாடிக்குச் சொல்லாமல் ஏறி வரக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று திருடன். இன்னொன்று அவள் தங்கச்சி.

நேற்று மாலை அக்கா வீட்டில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். படியில் யார் குரலும் இல்லை. மணி அடித்தது. அக்கா டம்ளரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கதவு ஒரு விரல் அளவு திறந்து, மறுபடியும் சாத்திக்கொண்டது. திரை மட்டும் ஆடியது.

"உக்காருக்கா. காத்து" என்றேன்.

"தெரியும்டி. அதுக்கு 'நான்தான்'னு சொல்லத் தெரியாதே, பாவம்" என்று சொல்லிக்கொண்டே போய், கதவை முழுசாகத் திறந்து, படிக்கட்டின் அடிவரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.